மருத்துவத்தை நீக்கி மருந்தை வைத்தல்: சீன மூலிகை ஆய்வில் பள்ளிக்கூடங்களின் இடம்

2015-இல் து யூயூவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பின்னர், சீன மூலிகை ஆய்வின் வரலாறு பொதுவெளியில் இரண்டு வரிகளாகச் சுருங்கிவிட்டது. நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்பவர் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு குறிப்பு இருந்தது; 1971-இல் பெய்ஜிங் ஆய்வகம் ஒன்று அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு மலேரியாவுக்கு மருந்து கண்டது. இவ்விரு வரிகளிலும் பொய்யில்லை. ஆயினும் இவற்றுக்கு இடையே 1,600 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்தப் பழைய நூலைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் எஞ்சியிருந்தது எவ்வாறு, அதில் வரும் செடியின் பெயர் எந்தச் செடியைக் குறித்தது என்பதை யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்னும் கேள்விகள் அக்கதையில் எழுவதே இல்லை. மூலிகை ஆய்வின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் வேதிப்பொருள்களின் வரலாறாகவே இருப்பதால், அதன் மறுபாதியாகிய கல்வியின் வரலாறு அடிக்குறிப்பாகிவிடுகிறது.

சீனத்தில் இவ்விரண்டும் தொடக்கத்தில் பிரிந்திருக்கவில்லை. தாங் பேரரசில் அரசாணையின்படி 659-இல் நிறைவுபெற்ற மருந்துப்பொருள் நூலுக்காக, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் செடிகளும் பிற பொருள்களும் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டு, அவற்றைப் பார்த்துப் படங்கள் வரையப்பட்டன. அதே பேரரசின் மருத்துவப் பணியகத்தில் மாணவர்கள் மருந்துநூலைப் பாடமாகப் படித்தனர். அந்நூலைப் படிப்போர் மருந்தின் உருவத்தை அடையாளம் காணவும் அதன் குணத்தை அறியவும் பயிற்றப்பட வேண்டும் என்பது அக்கால நிர்வாக விதிகளிலேயே இடம்பெற்றிருந்தது. பணியகத்தைச் சார்ந்து தலைநகரில் ஒரு மூலிகைத் தோட்டம் இருந்தது; 16 முதல் 20 வயதுக்குட்பட்ட எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அதற்கு மாணாக்கராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, தேர்ச்சி பெற்றபின் அங்கேயே ஆசிரியராயினர். ஏட்டில் உள்ள பெயரும் மண்ணில் உள்ள செடியும் ஒரே நிறுவனத்துக்குள் ஒன்றையொன்று சந்தித்தன என்பதே இங்கே கருதத்தக்கது.

இந்தச் சந்திப்பு ஏன் இன்றியமையாதது என்பதற்கு, பின்னாளில் ஆர்டிமிசினின் தந்த செடியின் பெயரே போதிய சான்று. நம்மூர் மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் அடங்கிய ஆர்டிமிசியா என்னும் பேரினத்தில் ஒன்றுக்கொன்று மயங்கும் செடிகள் ஏராளம். சீனத்தில் ‘சிங்ஹாவ்’ என்னும் பெயரின்கீழ் குறைந்தது இரண்டு செடிகள் வழங்கின. அவற்றுக்கிடையே நிற வேறுபாடு உண்டு என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ குறித்துவைத்தார். 1578-இல் எழுதி முடிக்கப்பட்டு 1596-இல் அச்சேறிய லீ ஷிஜெனின் பெருநூல் 1,892 மருந்துப்பொருள்களை விவரிப்பது. அதில் சிங்ஹாவ் ஒரு பதிவாகவும், மஞ்சள் பூக்கொண்ட ‘ஹுவாங்ஹுவாஹாவ்’ தனியொரு பதிவாகவும் வந்தன. பிற்காலத் தாவரவியல் ஆர்டிமிசினின் இருப்பதாகக் கண்ட ஆர்டிமிசியா ஆனுவா, லீ ஷிஜெனின் இரண்டாம் பெயரோடுதான் நெருங்குகிறது. அவரோ காய்ச்சல் முறைகளை முதற்பெயரின்கீழ் தொகுத்திருந்தார். நூலறிவு மட்டும் உடைய ஒருவர் நேரே கடைக்குப் போய்ப் பெயர் சொல்லிச் செடி வாங்கினால் எதுவும் நேரலாம்.

தாங் காலத்துத் தோட்டப்பள்ளி நிலைக்கவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் மருத்துவக் கல்வியின் பெரும்பகுதி குடும்ப மரபிலும் குரு சீட மரபிலும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ‘மருத்துவப் பள்ளி’ என்னும் சொல்லே மேலைமுறைப் பள்ளியைக் குறிப்பதாயிற்று. 1912-இல் குடியரசு பிறந்ததும் வெளியான கல்வி விதிகளில் சீன மருத்துவத்துக்கு இடமே தரப்படவில்லை. விதிகளை மாற்றக் கோரி மனுக்கள் சென்றபோது, கல்வி அமைச்சர் வாங் தாஷியே சீன மருத்துவத்தை ஒழிப்பதே தமது முடிவு என்று வெளிப்படையாகவே கூறினார். அரசின் பாடத்திட்டத்தில் இடமின்மை என்பது தடையைவிடக் கொடியது. தடை செய்யப்பட்டதை எதிர்த்து வழக்காடலாம். விதியில் பெயரே இல்லாததற்கு மானியமும் இல்லை, பட்டமும் இல்லை, மருத்துவமனையில் வேலையும் இல்லை.

இதற்கு மறுமொழியாகத் தனியார் பள்ளிகள் எழுந்தன. ஷாங்காயில் டிங் கான்ரென் நிறுவிய பள்ளி 1917-இல் வகுப்புகளைத் தொடங்கியது. குவாங்சௌவில் 1924-இல் குவாங்டோங் சீன மருத்துவச் சிறப்புப் பள்ளி பிறந்தது. கரும்பலகை, பாடநூல், தேர்வு, பட்டமளிப்பு என யாவும் எதிர்முகாமிடமிருந்து கடன்பெற்றவை. உடற்கூறியலும் பாடமாகியது. மரபைக் காப்பதற்காக மரபல்லாத வடிவத்தை மேற்கொண்ட இந்தப் பள்ளிகள்தாம் பிற்காலக் கதையின் கண்ணி. இவற்றின் மாணவர்கள் இருவரும் இவற்றின் வழிவந்த ஒருவரும் பின்னர் வருவார்கள்.

1929 பிப்ரவரியில் நான்கிங்கில் கூடிய மத்திய சுகாதாரக் குழுவின் முதற்கூட்டத்தில், பழைய மருத்துவத்தை ஒழிக்கும் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் யூ யுன்ஷியூ. ஜப்பானின் ஒசாகாவில் மருத்துவம் பயின்றவர் அவர்; பழஞ்சீன இலக்கியத்தில் பெயர்பெற்ற ஜாங் தைய்யானிடம் பாடம் கேட்டவர்; எனவே மரபு நூல்களை அறியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அவர் எதிரி என்பதாலேயே அவரது வாதத்தை எளிமைப்படுத்தும் வழக்கம் சீன மருத்துவ ஆதரவாளர் எழுத்துகளில் உண்டு, அது நேர்மையன்று. அத்தீர்மானம் மருத்துவர் எவரையும் உடனடியாகத் தொழிலிலிருந்து விரட்டவில்லை. மருத்துவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு செய்து துணைப்பயிற்சி பெற வேண்டும். ஐம்பது வயது கடந்து இருபதாண்டு தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு. செய்தித்தாள்களில் பழைய மருத்துவத்தைப் பரப்பக் கூடாது. பள்ளி தொடங்கக் கூடாது. கடைசி விதியில்தான் தீர்மானத்தின் உயிர் இருந்தது. இருக்கும் மருத்துவர்கள் முதுமையடைந்து மறையட்டும். அடுத்த தலைமுறை உருவாகாதிருந்தால் போதும்.

மார்ச் 17 அன்று ஷாங்காயில் 131 அமைப்புகளின் 262 பிரதிநிதிகள் கூடினர். மருத்துவர்களும் மருந்துக்கடைகளும் அரை நாள் தொழிலை நிறுத்தினர். ஐவர் கொண்ட குழு நான்கிங் சென்று முறையிட்டது. தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. அதுவரை மாகாணந்தோறும் சிதறிக் கிடந்த மருத்துவர்கள் தம்மை ஒரே தேசியக் குழுவாக உணர்ந்தது அந்நாளில்தான். மார்ச் 17 பிறகு அவர்களது நினைவுநாளாயிற்று. 1931-இல் தேசிய மருத்துவ நிறுவனம் தொடங்கவும் அதே நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் கல்வித்துறை அசையவில்லை. அதே 1929-இல் இப்பள்ளிகள் தம்மைப் ‘பள்ளி’ என்று அழைத்துக்கொள்ளக் கூடாது, பயிற்சிக் கழகம் என்றே குறிப்பிட வேண்டும் என்று ஆணை வந்தது. ஒரு பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு அமைச்சகம் காட்டிய ஊக்கம், எதற்கு அஞ்சினார்கள் என்பதை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பூசலில் ‘மருத்துவத்தை நீக்கு, மருந்தை வை’ என்னும் நிலைப்பாடு உருவாயிற்று. யின், யாங், ஐம்பூதம், நாடி முதலிய கோட்பாடுகள் பொய். மூலிகைகளோ பல தலைமுறைப் பட்டறிவால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே மூலிகைகளை ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு மருத்துவர்களை விட்டுவிடலாம். யூ யுன்ஷியூவே மூலிகை ஆய்வுக்கு ஆதரவாளர். முதற்பார்வைக்கு இது நியாயமான நடுவழியாகத் தோன்றும். இன்றும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் மூலிகை குறித்த ஆய்வுத் திட்டங்கள் பலவற்றின் அடியில் சொல்லப்படாமல் இருப்பது இந்த வழியே. எனவே அது எங்கே செல்லுபடியாயிற்று, எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்ப்பது பயனுடையது.

செல்லுபடியான இடம் மாஹுவாங். எஃபெட்ரா என்னும் இப்புதர்ச்செடியிலிருந்து எஃபெட்ரினை 1885-இல் ஜப்பானியர் நாகாய் நாகயோஷி பிரித்தெடுத்திருந்தார். ஆனால் அதன் மருத்துவப் பயன் உலகின் கவனத்தைப் பெறவில்லை. விஸ்கான்சினில் படித்துவிட்டு 1923-இல் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரிக்கு வந்த சென் கேஹுய், கார்ல் ஷ்மிட்டுடன் சேர்ந்து அதை ஆராய்ந்து 1924-இல் முடிவுகளை வெளியிட்டார். அட்ரினலினைப் போலச் செயல்பட்டும் வாய்வழி உட்கொள்ளத்தக்கதாய், நெடுநேரம் நிலைக்கும் பொருளாய் எஃபெட்ரின் ஆஸ்துமா மருத்துவத்துக்குள் நுழைந்தது. கல்கத்தாவில் ராம் நாத் சோப்ரா இந்திய எஃபெட்ரா இனங்களை ஆராயத் தொடங்கியது இதன் தொடர்ச்சியே. சென் பலநூறு செடிகளைச் சல்லடையிட்டு மாஹுவாங்கை அடையவில்லை. சீன மருத்துவரான உறவினர் ஒருவரிடம் கேட்டே அதனைத் தெரிந்தெடுத்தார். நீக்கப்பட வேண்டிய மருத்துவர், மருந்தின் பிறப்பிலேயே இருந்திருக்கிறார். செடியின் அடையாளத்தில் ஐயம் இல்லாமையும், செயல்படும் பொருள் நிலையானதாய் இருந்தமையும் மற்ற வேலையை எளிதாக்கின.

சாங்ஷான் அவ்வளவு எளிதாக இணங்கவில்லை. 1942-இல் ஜாவா ஜப்பானியர் கைப்பட்டதும் உலகின் குயினா வரத்தின் பெரும்பங்கு அறுந்தது. போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கிலோ மலேரியா மலிந்திருந்தது. குவோமிந்தாங் தலைவர்களுள் ஒருவரான சென் குவோஃபூவின் முயற்சியால், ஏழு சரக்குகள் அடங்கிய ஒரு மரபு மருந்துமுறை சோதிக்கப்பட்டு, அதில் மலேரியாவை அடக்குவது சாங்ஷான் என்று நிறுவப்பட்டது. 1946-இல் ஜாங் சாங்ஷாவ் குழுவினரின் கட்டுரை ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. தைவான் வரலாற்றாய்வாளர் லெய் ஷியாங்-லின் இந்நிகழ்வை நுணுகி ஆராய்ந்து, இங்கே ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்று வினவுகிறார். சாங்ஷான் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குரியது என்பதைச் சீனத்தின் மிகப் பழைய மருந்துநூலே கூறுகிறது. அதை அறியாத சீன மருத்துவர் எவரும் இல்லை. ஆய்வகம் கண்டது புதிய உண்மையை அன்று. பழைய உண்மைக்குப் புதிய உரிமையாளரை என்பது அவரது வாதத்தின் சாரம். அவ்வாதம் வலுவானது, ஆயினும் ஏழில் எது செயல்படுகிறது என்பதைப் பிரித்தறிந்ததைச் சிறிய வேலையாகக் கருதவும் கூடாது.

சாங்ஷானில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. இரண்டுமே அறிந்தவரிடமிருந்து மருந்தைப் பிரித்ததால் முளைத்தவை. முதலாவது பெயர். ஜப்பானிய மருந்தியலில் சாங்ஷான் என்று வழங்கியது ஓரிக்சா ஜப்பானிகா என்னும் முற்றிலும் வேறான செடி. சீன மருத்துவர் கையாண்டது டைக்ரோவா ஃபெப்ரிஃபூகா. சீன மருந்தியலார் பலர் ஜப்பானிய நூல்களின் வழியே தம் நாட்டு மூலிகைகளைக் கற்ற காலம் அது. நூலை நம்பித் தவறான செடியைச் சோதித்தால் ‘சாங்ஷான் பயனற்றது’ என்னும் முடிவே கிடைக்கும். இரண்டாவது குமட்டல். தனித்துப் பிரித்த சாங்ஷான் கடும் வாந்தியை உண்டாக்கியது. அதனாலேயே அது குயினாவுக்கு மாற்றாக முடியவில்லை. மரபு மருத்துவர்களோ அதைத் தனியே கொடுத்தவர்கள் அல்லர்: மதுவில் பக்குவப்படுத்தியும், பாக்கு முதலிய சரக்குகளுடன் கூட்டியும் கையாண்டனர். அந்தக் கூட்டுகள் வாந்தியை முற்றிலும் அடக்கின என்று கூறுவதற்கில்லை. ஆனால் பக்குவமும் கூட்டும் ‘மருத்துவம்’ என்ற கணக்கில் எழுதப்பட்டு நீக்கப்பட்டன. ‘மருந்து’ என்ற கணக்கில் எஞ்சியது வாந்தியெடுக்கவைக்கும் ஒரு வேர். அந்த வேரின் வேதிப்பொருளிலிருந்து பின்னாளில் வந்த ஹேலோஃப்யூஜினோன் இன்று கோழிப்பண்ணைகளில் பயன்படுகிறது.

1949-க்குப் பின் காட்சி மாறியது, உடனே அன்று. 1950களின் தொடக்கத்தில் சுகாதார அமைச்சகம் மரபு மருத்துவர்களை மேலைமுறையில் மறுபயிற்சி கொடுக்க வேண்டியவர்களாகவே பார்த்தது. அது ஏறத்தாழ யூ யுன்ஷியூவின் திட்டமே, வேறு கொடியின்கீழ். 1954-55-இல் கட்சித் தலைமை அப்போக்கைக் கண்டித்துத் திசையை நேரெதிராகத் திருப்பியது: மேலைமுறை மருத்துவர்கள் சீன மருத்துவம் கற்க வேண்டும். 1955 டிசம்பரில் பெய்ஜிங்கில் சீன மருத்துவ ஆய்வுக்கழகம் திறக்கப்பட்டது. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் அரசுச் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. ஷாங்காய்க் கல்லூரியின் முதல் தலைவர் செங் மென்ஷுவே, டிங் கான்ரென் பள்ளியின் முதல் அணி மாணவர். குவாங்சௌக் கல்லூரி 1924-இன் குவாங்டோங் பள்ளியின் அடித்தளத்தில் எழுந்தது. 1929 தீர்மானத்தின் கடைசி விதி நிறைவேறியிருந்தால், 1956-இல் கல்லூரிக்குக் கட்டடம் இருந்திருக்கும், ஆசிரியர் இருந்திருக்கமாட்டார்.

புதிய கல்லூரிகள் தமக்கே உரிய இழப்பையும் உண்டாக்கின. ஒருவருக்கொருவர் முரண்பட்ட பல மரபுகளை ஒரே பாடநூலில் அடக்க வேண்டியிருந்தது. நோயின் கோலத்தைப் பகுத்தறிந்து மருந்து கொடுத்தல் என்னும் வாய்பாடு, இன்று சீன மருத்துவத்தின் தொன்மையான அடையாளமாகப் போற்றப்பட்டாலும், பாடத்திட்டத்தின் மையமாக அது வடிவம் பெற்றது 1950களின் நடுவில்தான். ஆறாண்டுப் படிப்பின் முதல் அணி 1962-இல் வெளிவந்தபோது, பெய்ஜிங் கல்லூரியின் மூத்த ஆசிரியர் ஐவர் சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினர். பட்டம் பெறும் மாணவர்களால் மருத்துவத்தின் மூல நூல்களைத் தடையின்றிப் படிக்க முடியவில்லை. பழஞ்சீன மொழிப் பயிற்சியும் மூலநூல் பாடநேரமும் போதவில்லை என்பது அவர்களின் கவலை. கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் சின் போவெய். அவரும் டிங் கான்ரென் பள்ளியில் பயின்றவர். பண்பாட்டுப் புரட்சி வந்ததும் அக்கடிதம் குற்றப்பத்திரிகையாயிற்று. 1970-இல் சின் போவெய் காலமானார். பழைய மொழியைப் படிக்கத் தெரியாத மருத்துவரால் என்ன குறை என்று கேட்டோருக்கு, விடை அடுத்த ஆண்டே ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது.

து யூயூ மரபு மருத்துவர் அல்லர். 1955-இல் பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பட்டம் பெற்று ஆய்வுக்கழகத்தில் சேர்ந்தவர். 1959 முதல் 1962 வரை இரண்டரை ஆண்டுகள், மேலைமுறைக் கல்வி பெற்றோருக்கான சீன மருத்துவப் பயிற்சியில் முழுநேர மாணவியாக இருந்தார். மூலிகைகளைப் பக்குவப்படுத்தும் மரபுமுறைகளைத் தொகுக்கும் பணியிலும் ஈடுபட்டார். செடியை உருவத்தால் அறியும் கல்வி முதலில். நூலால் அறியும் கல்வி பின்னர். பக்குவத்தால் அறியும் பயிற்சி அதன்பின். தாங் காலத்து விதி வேறொரு வழியாக ஒரு மாணவியிடம் நிறைவேறியிருந்தது. அவ்வாறு நிறைவேறுமென யாரும் திட்டமிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி வகுப்புகளின் நோக்கம் அரசியல் சார்ந்தது.

வியட்நாம் போரில் மலேரியாவால் வீரர்களை இழந்துவந்த வட வியட்நாமுக்காக 1967 மே 23 அன்று தொடங்கப்பட்ட இரகசியத் திட்டம் அத்தேதியாலேயே 523 என்று பெயர்பெற்றது. 1969 ஜனவரியில் து யூயூ அதில் சேர்ந்தார். நூல்களிலிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் 2,000 மருந்துமுறைகள் திரட்டப்பட்டு, 640 கொண்ட தொகுப்பு அச்சிடப்பட்டது. ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகள் எலிகளில் சோதிக்கப்பட்டன. சிங்ஹாவை முன்னிறுத்தியதில் உடன் பணியாற்றிய யூ யாகாங்குக்கும் பங்குண்டு. அதன் சாறு முதலில் 68 விழுக்காடு பயன் காட்டியது. மறுசோதனைகளில் அது நிலைக்கவில்லை. பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டிய சரக்கு அது.

நீக்கப்படாததற்குக் காரணம் ஒரு வினைச்சொல். சீன மருந்துமுறைகளில் மிகப் பெரும்பாலானவை கொதிக்கவைத்து இறக்கும் கஷாயங்கள். கெ ஹோங்கின் குறிப்பில் கொதி இல்லை: ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றை முழுவதும் குடிக்கச் சொல்கிறது அது. கஷாயம் எந்த அளவுக்கு இயல்பான வழி என்று அறிந்தவருக்கே இந்தப் பிழிதல் விலகலாகத் தெரியும். அறியாதவருக்கு அது மருந்து செய்யும் இன்னொரு முறை, அவ்வளவே. வெப்பம் பொருளைக் கெடுக்கிறது போலும் என்று ஊகித்த து யூயூ, தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஈத்தரைக் கொண்டு பிரித்தெடுத்தார். சாற்றின் அமிலப் பகுதி நீக்கப்பட்டது. 1971 அக்டோபர் 4 அன்று 191 என்று எண்ணிட்ட மாதிரி எலி மலேரியாவை நூறு விழுக்காடு அடக்கியது. 1972 ஜூலையில் து யூயூவும் இரு சக ஆய்வாளர்களும் தம் உடலிலேயே அதன் பாதுகாப்பைச் சோதித்தனர். நவம்பரில் ஜோங் யூரோங் படிகத்தைப் பிரித்தெடுத்தார்.

இதற்குப்பின் பழைய பெயர்ச் சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. பெய்ஜிங் குழு தன் பொருளை ‘சிங்ஹாவின் சாரம்’ என்றது. யுன்னானிலும் ஷான்டோங்கிலும் அதே பொருளைப் பிரித்தவர்கள் செடியின் சரியான அடையாளத்தைக் காட்டி ‘ஹுவாங்ஹாவின் சாரம்’ என்றனர். தாவரவியல்படி பின்னவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. லீ ஷிஜென் பிரித்துவைத்த இரு பெயர்களில், ஆர்டிமிசினின் தரும் ஆர்டிமிசியா ஆனுவா இரண்டாவதற்கே உரியது. மற்றச் செடியில் அப்பொருள் இல்லை. வென்றதோ முதற்பெயர். இன்றைய சீன மருந்துத்தர நூல் சிங்ஹாவ் என்னும் தலைப்பின்கீழ் ஆர்டிமிசியா ஆனுவாவைக் குறிப்பிடுகிறது. கெ ஹோங்கின் கையில் இருந்த செடி எது என்னும் கேள்வி மூடப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு மானிடவியலாளர் எலிசபெத் ஷு அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

மனிதரில் நடந்த சோதனைகளில் முதன்மையான ஒன்றை நடத்தியவர் லீ குவோசியாவ். குவாங்டோங் பள்ளியில் 1955-இல் படித்து வெளிவந்து, அதன் வழித்தோன்றலான குவாங்சௌ கல்லூரியில் பணியாற்றியவர். 523 திட்டத்தில் அவருக்குத் தரப்பட்ட வேலை அக்குபங்சரால் மலேரியா தணியுமா என்று பார்ப்பது. அதற்காகத் தமக்கே மலேரியாவை ஏற்றிக்கொண்டு சோதித்தார், ஊசி தோற்றது, தோற்றது என்றே அவர் அறிவித்தார். 1974-இல் யுன்னான் எல்லைப்புறமான கெங்மாவில், மூளை மலேரியாவால் நினைவிழந்தவர்களுக்கு அவர் இப்புதிய பொருளைக் கொடுத்து அதன் விரைவைப் பதிவு செய்தார். மரபு மருத்துவக் கல்லூரியின் மருத்துவர், மரபு முறை பயனற்றது என்று தம் உடலால் நிறுவிய பின்னர், வேதிப்பொருளின் பயனை நிறுவினார். ஆர்டிமிசினின் சீன மருத்துவத்தின் வெற்றியா, நவீன மருந்தியலின் வெற்றியா என்று நோபல் அறிவிப்பின்போது எழுந்த வழக்கில் இருதரப்பாருக்கும் வசதியற்ற சாட்சி அவர். அவரைப் பற்றி இரு தரப்பிலும் குறைவாகவே பேசப்படுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

பெயரறிவு அற்றுப்போனால் என்ன நிகழும் என்பதன் கொடிய பக்கத்தை பிரஸ்ஸல்ஸ் கண்டது. 1990களின் தொடக்கத்தில், உடல் எடை குறைக்கும் நிலையம் ஒன்றில், பசியடக்கும் நவீன மருந்துகளோடு சீன மூலிகைத் தூளும் கலந்து கொடுக்கப்பட்டது. தேவைப்பட்டது ஸ்டெஃபானியா வகையான ஃபாங்ஜி. வந்தது ‘குவாங்ஃபாங்ஜி’ எனப்பட்ட அரிஸ்டோலோகியா. 1993-இல் ‘லான்செட்’ இதழில் முதல் அறிக்கை வந்தது; சிறுநீரகம் செயலிழந்தோர் தொகை பின்னர் நூறைக் கடந்தது. ஓரசையில் வேறுபடும் இரு பெயர்கள். அங்கே மருந்து கொடுத்தவர்கள் சீன மருத்துவம் கற்றவர்கள் அல்லர் என்று சுட்டி இக்குற்றத்தைச் சீன மருத்துவக் கல்வியிலிருந்து விலக்கிவிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. சீனத்திலேயே ‘முதோங்’ என்னும் பெயருக்குரிய அகேபியாவின் இடத்தை அரிஸ்டோலோகியா இனமொன்று பல பத்தாண்டுகளாகப் பிடித்திருந்தது. அரசு மருந்துத்தர நூல் அதை ஏற்றிருந்தது. கல்லூரிகள் அதைக் கற்பித்தன. 2003-இல் அதுவும் 2004-இல் குவாங்ஃபாங்ஜியும் அங்கீகாரம் இழந்தன. சிறுநீரகத்தை மெல்ல அழிக்கும் நஞ்சு, பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும் தன்மையால், பட்டறிவின் கண்ணுக்குத் தப்பியிருந்தது. தலைமுறைகளின் பட்டறிவு என்னும் சான்று எங்கே முடிகிறது என்பதைக் காட்ட ஆய்வகமே வேண்டியிருந்தது.

இன்று சீன மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் பயிலும் மருந்துநூலில் சிங்ஹாவ், உட்காய்ச்சலைத் தணிக்கும் குளிர்ந்த, மணமுள்ள மூலிகையாக வருகிறது. அதை நெடுநேரம் கொதிக்கவைக்கக் கூடாது, மற்றச் சரக்குகள் வெந்தபின் கடைசியாகக் கலயத்தில் இட வேண்டும், அல்லது பச்சையாகப் பிழிந்து சாறெடுக்க வேண்டும் என்று பாடம் கூறுகிறது.